தக்காளிக் கவாத்து: எதைக் கிள்ளலாம், எதை விடலாம்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுத் தக்காளியில் கிள்ளுவது, வெட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: செடி இடுப்பு உயரத்துக்கு வந்து புதராக நிற்கிறது. பக்கக் கிளைகளைக் கிள்ளினால்தான் நிறையக் காய்க்கும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படிக் கிள்ளியதில் நாலு காயோடு செடி நின்றுபோனது. கிள்ளலாமா, கூடாதா?

பதில்: உங்கள் செடி என்ன ரகம் என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். தக்காளியில் குட்டை ரகம், கொடி ரகம் என்று இரண்டு உண்டு. குட்டை ரகம் ஓரளவு உயரம் வந்ததும் நுனியில் பூங்கொத்து விட்டு, தண்டின் வளர்ச்சியை அதோடு முடித்துக்கொள்ளும். அதற்கு மேல் காய்ப்பதெல்லாம் பக்கக் கிளைகளில்தான். அந்தக் கிளைகளைக் கிள்ளினால் வரவேண்டிய காய்களைத்தான் கிள்ளி எறிகிறோம். நாலு காயோடு நின்ற செடி பெரும்பாலும் குட்டை ரகமாகத்தான் இருந்திருக்கும். கொடி ரகம் இப்படி நிற்காது. செடி உயிரோடு இருக்கும்வரை நுனி நீண்டுகொண்டே போகும், பூங்கொத்துகளும் வந்துகொண்டே இருக்கும். கவாத்தால் பலன் கிடைப்பது இதில்தான்.

விதைப் பொட்டலத்தில் ரகம் போட்டிருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பூங்கொத்துகளுக்கு நடுவே இலைகளை எண்ணிப் பாருங்கள். கொடி ரகத்தில் ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும், மேலே போனாலும் அந்தக் கணக்கு மாறாது. குட்டை ரகத்தில் இது இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நுனியே பூவாகிவிடும். இந்தக் குணம் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் வருவது. 1914-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு செடியில் இதைக் கண்டார்கள். இன்று வயல்களில் ஒரே சமயத்தில் காய்த்து முடிக்கும் குட்டை ரகங்களில் பெரும்பாலானவை இந்த மரபணுவைக் கொண்டவை.

ரகம் பிடிபடும்வரை, அதாவது மூன்றாவது பூங்கொத்து வரும்வரை, முதல் கொத்துக்கு நேர் கீழே உள்ள குருத்தை விட்டுவைத்து, அதற்கும் கீழே வரும் பக்கக் குருத்துகளை மட்டும் எடுங்கள். இரண்டு ரகத்துக்கும் இதனால் கெடுதல் இல்லை. குட்டை ரகம் என்று தெரிந்துவிட்டால் கவாத்து அத்தோடு முடிந்தது. பிறகு மண்ணைத் தொடும் இலைகளையும் பழுத்த இலைகளையும் எடுத்தால் போதும்.

கேள்வி: பக்கக் குருத்து என்று நினைத்துப் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டேன். எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முளைக்கும் இடத்தைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், அந்தக் கக்கத்துக்குள்ளிருந்து வருவது பக்கக் குருத்து. பூங்கொத்து இடுக்கிலிருந்து வராது. இரண்டு இலைகளுக்கு நடுவே உள்ள வெறும் தண்டின் பக்கவாட்டிலிருந்து, இலைத் துணை இல்லாமல் நீட்டிக்கொண்டு வரும். உற்றுப் பார்த்தால் பூங்கொத்தின் நுனியில் ரோமம் அடர்ந்த சின்ன மொட்டுகள் குவிந்திருக்கும். பக்கக் குருத்தின் நுனியில் மடிந்த குட்டி இலைகள் இருக்கும். சந்தேகம் வந்தால் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். அதற்குள் எது என்று தெரிந்துவிடும், அந்த மூன்று நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது.

குருத்து 5 செ.மீ. நீளம் இருக்கும்போது எடுப்பது நல்லது. அடியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இடமும் வலமும் ஒருமுறை வளைத்தால் சட்டென்று ஒடிந்து வரும். கீழ்நோக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் தண்டின் தோல் நீளமாக உரிந்து வந்துவிடும், அந்தப் புண் காய நாளாகும். விரலில் ஒட்டும் பச்சைப் பிசின் கறுத்துக் கறையாகும். செடியின் ரோமங்களில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவது அது, சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

வெயில் ஏறி இலையில் பனியெல்லாம் உலர்ந்த காலை நேரம் இதற்கு ஏற்றது. பகல் முழுக்கக் கிடைப்பதால் புண் மாலைக்குள் காய்ந்துவிடும். மழை நாளிலும், மேலே தண்ணீர் தெளித்த உடனேயும் கை வைக்க வேண்டாம். ஈரமான புண் வழியாகத்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே நுழைகின்றன. புண்ணில் எதையும் பூசத் தேவையில்லை.

கேள்வி: கொடி ரகத்தை ஒற்றைத் தண்டாக விடுவதா, இரட்டைத் தண்டாக விடுவதா? எதில் அதிகம் காய்க்கும்?

பதில்: எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கவாத்தே செய்யாத செடிதான் அதிகம் காய்க்கும். இதைப் பலர் சொல்வதில்லை. கவாத்து செய்தால் காய் குறையும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாகும், முதல் பழம் சீக்கிரம் கிடைக்கும், செடிக்குள் காற்று போவதால் இலைநோய் தணியும், பழம் மண்ணில் கிடந்து அழுகாது. குறைந்த இடத்தில் கூடுதல் செடிகளையும் நடலாம். வீட்டுத் தோட்டத்தில் இடம்தான் குறைவு என்பதால், ஒரு செடியின் விளைச்சலைவிட ஒரு சதுர மீட்டரின் விளைச்சலைக் கணக்கிடுவதே சரி.

ஒற்றைத் தண்டு என்றால் எல்லாப் பக்கக் குருத்தையும் எடுத்துவிட வேண்டும். செடிக்குச் செடி 40 செ.மீ. விட்டால் போதும். இரட்டைத் தண்டுக்கு 60 செ.மீ. வேண்டும். இரண்டாவது தண்டாக எதை விடுவது என்பதில் கவனம் தேவை. முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள இடுக்கில் வரும் குருத்துதான் செடியிலேயே வேகமாக வளர்வது. அதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு அந்த இரண்டு தண்டுகளிலும் வரும் பக்கக் குருத்துகளை வாரம் ஒருமுறை எடுத்து வாருங்கள். வெப்பமான நாட்களில் ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

பழம் பெரிதாக வரும் ரகத்துக்கும், வெயில் கடுமையாக அடிக்கும் இடத்துக்கும் இரட்டைத் தண்டையே சொல்வோம். இலைப்பரப்பு கூடுவதால் பழத்துக்கு நிழலும் கிடைக்கும், உணவும் கிடைக்கும். செர்ரி தக்காளியை மூன்று, நான்கு தண்டுகளாகவும் விடலாம், அதன் காய் சின்னது, பாரம் தாங்கும். 20 லிட்டர் தொட்டியில் வைத்த கொடி ரகத்துக்கு மட்டும் ஒற்றைத் தண்டே நல்லது. அந்த அளவு மண்ணில் உள்ள வேர், கடும் வெயில் நாளில் இரண்டு தண்டின் இலைகளுக்குத் தண்ணீர் ஏற்றித் தர முடியாமல் திணறும்.

கவாத்து செய்த கொடிக்கு முட்டு கட்டாயம். 2 மீட்டர் குச்சியை நாற்று நடும் அன்றே 40 செ.மீ. ஆழம் ஊன்றிவிடுங்கள். பின்னால் ஊன்றினால் வேர் அறுபடும். 20 முதல் 25 செ.மீ. இடைவெளியில், எட்டு எண் வடிவில், தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கட்டு இலைக் கணுவுக்குக் கீழே இருக்கட்டும். பூங்கொத்துக்குக் கீழே கட்டினால், காய் பெருத்ததும் கயிறு காம்பை அறுக்கும்.

கேள்வி: இரண்டு வாரம் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் பக்கக் கிளைகள் விரல் பருமனுக்கு வளர்ந்து பூவும் விட்டிருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அவ்வளவு இலையை ஒரே நாளில் இழந்தால் செடி அதிர்ச்சி அடையும், அதுவரை நிழலில் இருந்த காய்கள் திடீரென்று வெயிலுக்கு வந்து வெந்துபோகும். தண்டில் பெரிய பெரிய புண்களும் ஒன்றாக உண்டாகும். பென்சிலைவிடப் பருமனான கிளையை அடியோடு வெட்டாமல், அதன் நுனியை மட்டும் கிள்ளி, அடியில் இரண்டு இலைகளை விட்டுவிடுங்கள். கிளை நீளாது, அந்த இரண்டு இலைகளும் உணவு செய்து தரும். பழத்துக்கு நிழலும் ஆகும். கிள்ளிய இடத்துக்குக் கீழே மறுபடி குருத்து வரும், அதை வாராவாரம் எடுத்தால் போதும்.

பூ விட்டிருக்கும் கிளை ஒன்றை, அதுவும் முதல் கொத்துக்கு அருகில் உள்ளதை, இரண்டாவது தண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை இரண்டு மூன்று தவணையாக, நாலைந்து நாள் இடைவெளி விட்டுக் குறையுங்கள். எப்போதும் ஒரு தடவையில் செடியின் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

கேள்வி: கட்டும்போது தண்டின் நுனியே முறிந்துவிட்டது. செடி அவ்வளவுதானா?

பதில்: இல்லை. முறிந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள பக்கக் குருத்தைக் கிள்ளாமல் விடுங்கள். அதுவே புதிய தண்டாகிவிடும். அது வளரும்போது முட்டுக்குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் பின்தங்கும், அவ்வளவுதான். எல்லாக் குருத்தையும் முன்கூட்டியே எடுத்துவிட்ட செடிக்கு இந்தக் கதி நேர்ந்தால்தான் சிக்கல். அதனால் நுனியை ஒட்டி வரும் மிகச் சின்னக் குருத்தை எப்போதும் கொஞ்சம் வளர விட்டே கிள்ளுங்கள்.

கேள்வி: அடி இலைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்து மஞ்சளாகி உதிர்கிறது. எல்லா அடி இலையையும் எடுத்துவிடட்டுமா?

பதில்: புள்ளிக்குள் வளையம் வளையமாகக் கோடு தெரிந்தால் அது முன்பருவ இலைக்கருகல். இதை உண்டாக்கும் பூஞ்சை முந்தைய பயிரின் காய்ந்த சருகிலும் மண்ணிலும் தங்கியிருக்கும். மழைத்துளியோ நீங்கள் ஊற்றும் தண்ணீரோ மண்ணில் தெறித்து அடி இலையில் படும்போது, அதோடு பூஞ்சை வித்தும் வந்து ஒட்டுகிறது. நோய் எப்போதும் கீழிருந்து மேலே ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரம்வரை தண்டு வெறுமையாக இருப்பது நல்லது. ஆனால் நாற்று நட்டவுடன் இதைச் செய்யக் கூடாது, அப்போது அந்த அடி இலைகள்தான் செடிக்குச் சோறு போடுகின்றன. முதல் கொத்தில் காய் பிடித்த பிறகு ஆரம்பித்து, ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று இலை என்று எடுங்கள். இலைக்காம்பை மேல்நோக்கி அழுத்தி, பிறகு கீழே சாய்த்தால் தண்டை ஒட்டிச் சுத்தமாகப் பிரியும். பாதிக் காம்பை மிச்சம் வைத்து வெட்டாதீர்கள், அந்தக் குச்சி அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். நோய்ப்பட்ட இலையைச் செடி அடியில் போடாமல் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். மண்மீது 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்குப் போட்டு, தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மேலே போகப் போக, பழம் பறித்து முடித்த கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை எடுத்துக்கொண்டே வரலாம். இலைகளின் வேலை பெரும்பாலும் தங்களுக்குப் பக்கத்தில் உள்ள கொத்துக்கு உணவு தருவதே. அந்தக் கொத்து முடிந்ததும் அவற்றால் பெரிய பயன் இல்லை. பசுமைக்குடில்களில் கொடித் தக்காளிக்கு எப்போதும் 15 முதல் 18 இலைகள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலும் இந்தக் கணக்கை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காய் பச்சையாகவே நிற்கிறது. வெயில் படட்டும் என்று சுற்றி உள்ள இலையை எல்லாம் எடுத்தேன். இப்போது காயின் ஒரு பக்கம் வெளுத்துக் காகிதம் போல ஆகிவிட்டது. என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, வெயில் சுட்ட புண். வெயில் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து, தோல் சுருங்கி, பிறகு அதன்மேல் கறுப்புப் பூஞ்சை படரும். அந்தக் காயைப் பறித்துவிடுங்கள். இலையை இனி எடுக்காதீர்கள்.

தக்காளி பழுக்க வெளிச்சம் தேவையில்லை. காய் முற்றியதும் தனக்குள்ளேயே எத்திலீன் வாயுவை உண்டாக்கிக்கொண்டு பழுக்கும். அதற்கு ஏற்ற வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாது. காம்புப் பக்கம் மஞ்சளாகவே நிற்பதும், பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுவதும் இதனால்தான். இலையை எடுத்தால் காய் இன்னும் சூடாகி, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறான பலன்தான் கிடைக்கும். வெப்பம் கடுமையான நாட்களில் நிழல்வலை கட்டுங்கள். லேசாக நிறம் மாறத் தொடங்கிய காயைப் பறித்து, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வைத்தாலும் நன்றாகப் பழுக்கும்.

கேள்வி: கவாத்து செய்த நாலாம் நாள் இலைகள் சுருண்டுவிட்டன. வைரஸ் என்று சொல்லிச் செடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள்.

பதில்: பிடுங்குமுன் எந்த இலை சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள முற்றிய இலைகள் ஓரம் மேல்நோக்கி மடிந்து குழாயாகி, தொட்டால் தோல் போலத் தடித்து, ஆனால் பச்சை மாறாமல் இருந்தால் அது வைரஸ் இல்லை. ஒரே தடவையில் அதிகம் வெட்டியதாலோ, தண்ணீர்ப் பற்றாக்குறையாலோ, வெயிலாலோ வருவது. நுனி எப்போதும்போல வளர்ந்துகொண்டிருக்கும், விளைச்சலும் பெரிதாகக் குறையாது. தண்ணீரைச் சீராகக் கொடுத்து, இரண்டு வாரம் கத்தரியைக் கீழே வையுங்கள்.

வைரஸ் என்றால் கதை வேறு. இலைச்சுருள் நோய் நுனியிலிருந்து ஆரம்பிக்கும். புது இலைகள் சிறுத்து, கிண்ணம்போலக் குழிந்து, ஓரம் மஞ்சளாகும். கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகி நிற்கும், பூ உதிரும். செடியை லேசாகத் தட்டினால் இலை அடியிலிருந்து வெள்ளை ஈ பறக்கும். இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை ஒரு பையால் மூடி, ஈக்கள் மற்றச் செடிக்குப் போகாதபடி பிடுங்கி எடுங்கள்.

கேள்வி: கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் கழுவ வேண்டுமா?

பதில்: விரலால் கிள்ளினால் கருவி பற்றிய கவலை குறையும், ஆனால் கையும் நோயைக் கடத்தும். தக்காளியைத் தாக்கும் மொசைக் வைரஸ்கள் சாற்றின் வழியே பரவுபவை. இலையில் வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அந்தச் செடியைக் கடைசியில் தொடுங்கள். புகையிலைப் பொருள்களில்கூட இந்த வகை வைரஸ் உயிரோடு இருக்கலாம் என்பதால், பீடி, சிகரெட், புகையிலை பயன்படுத்துகிறவர்கள் செடியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம்.

70 சதவீத ஆல்கஹாலில் கத்தரியைத் துடைத்தால் பாக்டீரியா அழியும், மொசைக் வைரஸுக்கு அதை நம்ப முடியாது. அதற்கு, கொழுப்பு நீக்கிய பால்பொடி 20 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, கையையும் கத்தரியையும் அடிக்கடி அதில் நனைத்துக்கொள்ளும் முறை உண்டு. பாலிலுள்ள புரதம் வைரஸ் பரவலைத் தடுக்கும். வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்தும் முக்கலாம், ஆனால் முடித்ததும் கத்தரியை நன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்கும்.

கேள்வி: கவாத்து செய்த பிறகுதான் காயின் அடி கறுத்து அழுகத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. முட்டுக் கொடுத்துக் கவாத்து செய்த செடிகளில் இந்த அடிக்கருகல் கூடுதலாக வருகிறது. ஆனால் மூல காரணம், காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராதது. அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். இலை அதிக நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கை அது இழுத்துக்கொள்ளும், காய்க்குப் போவது கொஞ்சம்தான். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக நீர் விட்டால் அந்தக் கொஞ்சமும் தடைபடும். தழைச்சத்து உரம் அதிகமானாலும் இதே நிலைதான்.

கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள், அது தேறாது. மண் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும்படி நீர் விட்டு, மூடாக்குப் போடுங்கள். இலைமேல் சுண்ணாம்புச்சத்தைத் தெளிப்பதால் காய்க்குப் பெரிதாகப் பலன் இல்லை, இலையிலிருந்து அது காய்க்கு நகராது. முதல் கொத்தில் வந்துவிட்டு அடுத்த கொத்துகளில் தானாகவே குறைவதும் உண்டு.

கேள்வி: பூங்கொத்தின் நுனியிலிருந்து இலையும் கிளையும் முளைத்து வருகின்றன. விடலாமா?

பதில்: கடைசிப் பூவுக்கு அப்பால் உள்ள இலைப் பகுதியைக் கிள்ளிவிடுங்கள். தழைச்சத்து கூடியதால் இப்படி வருவது அதிகம், உரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: கிள்ளிய குருத்துகளை நட்டால் பிடிக்குமா?

பதில்: நன்றாகப் பிடிக்கும். 15 செ.மீ. நீளமுள்ள, பூ விடாத குருத்தாக எடுங்கள். அடி இலைகளைக் கிள்ளி, மேலே இரண்டு மூன்று இலை மட்டும் விட்டு, தண்ணீரில் வையுங்கள். 7 முதல் 10 நாளில் வெள்ளை வேர் தெரியும். வேர் 3 செ.மீ. வந்ததும் மண்ணுக்கு மாற்றி, நாலைந்து நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயில் காட்டுங்கள். ஹைபிரிட் செடியின் குருத்திலும் அதே ஹைபிரிட் குணம் அப்படியே வரும், விதையில் வராது. ஆனால் நோய்ப்பட்ட தாய்ச்செடியிலிருந்து எடுத்தால் நோயும் கூடவே வரும்.

கேள்வி: பருவம் முடியப் போகிறது. நுனியைக் கிள்ளினால் மீதிக் காய் பழுக்குமா?

பதில்: கொடி ரகத்தில் கிள்ளுவது சரி. பூ விட்டதிலிருந்து பழம் கையில் வர, வெப்பமான பருவத்தில் சுமார் 45 நாளும், குளிரான பருவத்தில் 60 நாளும் அதற்கு மேலும் ஆகும். எனவே குளிரோ, கடும் வெப்பமோ, அடுத்த பயிர் நடும் நாளோ எதுவாக இருந்தாலும், அதற்கு ஐந்தாறு வாரம் முன்னால் நுனியைக் கிள்ளுங்கள். கடைசியாகக் காய் பிடித்த கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு வெட்டினால் அந்தக் கொத்துக்கு நிழலும் உணவும் கிடைக்கும். அதன் பிறகு வரும் பூக்களையும் எடுத்துவிடுங்கள். நுனி போனதும் பக்கக் குருத்துகள் வேகமாகக் கிளம்பும் என்பதால், அந்த வாரங்களில் நாலு நாளுக்கு ஒருமுறை கணு கணுவாகப் பார்த்துக் கிள்ளுவது முக்கியம். பெரிய பழ ரகம் என்றால் ஒரு கொத்தில் நாலைந்து காய்க்கு மேல் இருப்பதை எடுத்துவிட்டால் மற்றவை முழு அளவுக்குத் தேறும்.